கருநீலச் சட்டை, முதுகில் மூன்று

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத் துணி, அடுப்படிக் கரித்துணி ஆவதற்கு முன்னால் எத்தனை வேலை பார்த்தது? எங்கள் வீட்டில் ஏழு. இடுப்பில் கட்டுவது, தலையில் கட்டுவது, குழந்தைக்குத் தூளி, தலையணை உறை, மோருக்கு வடிகட்டி, தானியத்துக்கு மூட்டை, காயத்துக்குக் கட்டு. எட்டாவதுதான் கரித்துணி. எதையும் எண்ணிப் பார்க்கிற வழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. அதனால் பட்டது போதும், ஆனாலும் விடவில்லை. இந்தக் கணக்கில் முதல் வேலையை நான் சேர்க்கவில்லை. அது எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்கும். பிணத்தின் மேல் போர்த்துவது.

எங்கள் ஊர் குரும்பலூரிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பா சுடுகாட்டு வேலை பார்த்தார். ஊர்த்தெருவில் யார் இறந்தாலும் கட்டை அடுக்குவதும், எரியும்வரை கூட நிற்பதும் எங்கள் வீட்டு ஆண்களின் வேலை. இறந்தவருக்கு உறவுக்காரர்கள் ஆளுக்கொரு புதுத்துணி கொண்டுவந்து போர்த்துவார்கள். கோடித்துணி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தீ வைக்கும் முன் அவற்றை எடுத்துவிடுவார்கள். எடுத்தவை அப்பாவுக்கு. அம்மா உவர்மண் போட்டு வேகவைத்து, ஏரியில் அடித்துத் துவைத்து, வேலிமேல் உலர்த்துவாள். உலர்ந்து மடித்த பிறகு எங்களுக்கு அது வெறும் துணி. நான் பிறந்தவுடன் என்னைச் சுற்றியதும் அதுதான். அதில் அருவருப்போ பயமோ இருக்கக்கூடும் என்று எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த தவறுக்குச் சமாதானமாக அல்ல, புரிவதற்காக.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்குப் பன்னிரண்டு. அப்பாவின் வலது முழங்கால் மடங்காமல் போய்க்கொண்டிருந்தது. “இன்னும் ஒரு வருசம் இழுப்பேன். அதுக்கப்புறம் கோலை நீதான் புடிக்கணும்” என்று அண்ணனிடம் சொல்வார். எரிகிற கட்டையைத் தள்ளிவிடும் நீளக்கோல் அது. அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவான். ஒரே ஒருமுறை மட்டும், சோற்றில் கை வைத்தபடி, “வேற எந்த வேலைன்னாலும் செய்யறேன்பா. அது மட்டும் என்னால முடியாது” என்றான். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அண்ணன் கபடி ஆடுவான். ஆள் ஒல்லி. ஆனால் இரண்டுபேர் காலைப் பிடித்து ஒருவன் இடுப்பைக் கட்டினாலும் மூன்றுபேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். அந்த வருடப் பொங்கலில் பெரம்பலூரில் ஆடியதை அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கம்பெனிக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். கம்பெனிக்கு ஒரு கபடி அணி உண்டு. அணியில் சேர்பவனுக்கு ஸ்டோரில் வேலை, தங்க இடம். ஆட்டம் முடிந்து அவர் அண்ணனைக் கூப்பிட்டார்.

“கூட்டத்துல யார் யாருன்னே தெரியலப்பா. சித்திரையில திடல்ல நாலு டீம் ஆடுது, வர்றியா?”

“வரேங்க.”

“முதுகுல நம்பரோட வா. எனக்குப் பேரெல்லாம் வேணாம். நம்பரைப் பார்த்து எழுதிக்குவேன். உன்னை நாலுபேரு புடிக்கணும், நீ உருவிக்கிட்டு வரணும், அதை நான் கண்ணால பார்க்கணும். மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அண்ணன் அந்தப் பேச்சை வீட்டில் வந்து ஒரு சொல் விடாமல் சொன்னான். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, நான், ஐந்துபேரும் கேட்டோம்.

நம்பர் போட்ட சட்டை என்றால் கடையில் வாங்குவது என்ற யோசனையே எங்களுக்கு வரவில்லை. மாசியில்தான் ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் இறந்திருந்தார். நிலம் நிறைய உள்ளவர், உறவும் நிறைய. அன்று அப்பா இரண்டு நடையாகச் சுமந்து வந்த துணிகளை நான் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. அதில் பன்னிரண்டு துண்டு. மற்றதெல்லாம் வேட்டியும் மல் துணியும்.

தைக்க அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தையல் கற்றுக்கொண்டு, கையால் சுற்றுகிற மெஷின் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். துணியைப் பிரித்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள்.

“ஏண்ணே, அந்தத் தெருப் பசங்களும் ஆட வருவானுவல்ல? துணி ஏதுன்னு கேட்டா என்ன சொல்றது?”

“வெள்ளையா இருந்தாத்தானே கேப்பானுவ” என்றார் அப்பா. “சாயத்துல முக்கிடு. முக்கிட்டா எல்லாத் துணியும் ஒரே துணிதான்.”

அப்பா தவறாக நினைத்தார். அதைவிடப் பெரிய தவறு, இருவருக்கும் தெரிந்த ஒன்றை என்னிடம் சொல்லாமல் விட்டது. வெளியே சொல்லாதே என்று ஒரு வார்த்தை போதும். மூன்று முழத் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பேச்சு காதில் விழுந்தது, எதற்கென்று புரியவில்லை.

வேலை பதினான்கு நாள் நடந்தது. அத்தை அப்பாவின் பழைய பனியன் ஒன்றைத் தையல் பிரித்து, அதை வைத்து அளவு எடுத்தாள். முதல் சட்டை சித்தப்பாவுக்கு. எங்கள் தெரு அணியில் அவர்தான் பெரிய உடம்பு. கழுத்து மாட்டிக்கொண்டது. தலை உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் அவர் மாடு மாதிரி சுற்றி வந்தார்.

“இழுத்துடாதீங்க, கிழிஞ்சுடும்” என்று அத்தை கத்தினாள்.

“எம் மூக்கு கிழிஞ்சா பரவால்லயா?” என்றார் சித்தப்பா துணிக்குள்ளிருந்து.

கழுத்தை வெட்டிப் பெரிதாக்கியதும் அடுத்த கோளாறு வந்தது. சித்தப்பா கையைத் தூக்கினார். கக்கத்தில் சர்ரென்று கிழிந்தது. அத்தை மெஷின்மேல் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு அவளே சொன்னாள். “பனியன் பின்னல் துணி, இழுத்தா வரும். இது நெசவுத் துணி, வராது.” ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டு கக்கத்திலும் முக்கோணமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தாள். ஏழு சட்டைக்குப் பதினான்கு முக்கோணம். அதற்கப்புறம் கை தூக்கினால் துணியும் கூட எழும்பியது.

சாயப்பொடி பெரம்பலூரில் வாங்கியது. கருநீலம். நெல் அவிக்கும் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, பொடியும் இரண்டு கை உப்பும் போட்டு, அம்மா வேப்பங்குச்சியால் கிளறினாள். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. இரும்பும் புளித்த கஞ்சியும் சேர்ந்த மாதிரி. அம்மாவின் விரல்கள் நகத்தோடு நீலமாகி, அந்தக் கையால் உருட்டிக் கொடுத்த சோற்றை வாங்கித் தின்றோம்.

நம்பர் என் வேலை. செய்தித்தாளில் ஒரு சாண் உயரத்துக்கு எழுதி வெட்டிக் கொடுத்தேன். சாயம் போடாத வெள்ளைத் துணியை அதன்படி வெட்டி அத்தை முதுகில் வைத்துத் தைத்தாள். அண்ணன் மூன்று கேட்டான். மூன்றுபேர் பிடித்தாலும் நிற்காதவன் என்று அவனுக்கே ஒரு பெருமை.

“ஒன்னாம் நம்பர் கேட்டா கொறைஞ்சா போயிடுவான்? ஒரே கோடு, விர்ருனு ஓட்டியிருப்பேன்” என்றாள் அத்தை. “மூணு வேணுமாம் தொரைக்கு. எத்தனை வளைவு பாரு.” திட்டிக்கொண்டே அந்த மூன்றுக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டாள்.

ஏழு சட்டையும் வேலிமேல் வரிசையாகக் காய்ந்தபோது அண்ணன் அவற்றின் பின்னால் போய் நின்று, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவன் ஒருவனுக்குத்தான் அது முதலில் எதற்குப் பயன்பட்ட துணி என்பது மறக்காமல் இருந்திருக்கிறது. இது எனக்கு இப்போது தெரிகிறது.

இனி என் பங்கு. ஆறாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சில் இருந்தவன் அந்த இறந்துபோன பெரியவரின் பேரன். அவனுடைய அண்ணன்தான் ஊர்த்தெரு அணிக்குக் கேப்டன். நான் புத்தக அட்டையில் நம்பர் எழுதிப் பார்ப்பதைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“என்னடா அது?”

“எங்க டீமுக்கு சட்டை. நம்பர் போட்டது. எங்க அத்தையே தச்சது.”

“எங்களுக்கே இன்னும் வர்ல. உங்களுக்குத் துணி ஏது?”

மறைக்கத் தோன்றவில்லை. அவனுக்கு அது சந்தோஷம் தரும் என்றுகூட நினைத்தேன். அவன் தாத்தா துணி திடலில் ஆடப்போகிறது அல்லவா?

“உங்க தாத்தாவுக்கு வுழுந்த கோடிதான். நாப்பத்து மூணு வுழுந்துச்சு. அதுல ஏழு எடுத்தோம்.”

“நாப்பத்து மூணா? அம்பதுக்கு மேலன்னு எங்கப்பா சொன்னாரு.”

“இல்ல, நாப்பத்து மூணுதான். நான் ரெண்டு தடவ எண்ணினேன்.”

“அம்பதுடா.”

“வேணும்னா வந்து எண்ணிக்க.”

அதற்குத்தான் அவனுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அந்த எண்ணிக்கைச் சண்டையைத்தான் முதலில் சொல்லியிருப்பான். மற்றதைப் பெரியவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் திடலில் நான்கு அணிகள். காலையில் நாங்கள் பாடாலூர்ப் பக்கத்து அணியோடு ஆடினோம். அவர்கள் அண்ணனைப் பிடித்த பிடியை இப்போது நினைத்தாலும் மூச்சு முட்டுகிறது. பதினோரு முறை உள்ளே போனான், எட்டுமுறை பிடித்தார்கள், ஆறுமுறை உருவிக்கொண்டு வந்தான். முக்கோணத் துண்டு ஒன்றுகூடப் பிரியவில்லை. வியர்வையில் சாயம் இறங்கி அவன் கைகளில் நீலக் கோடுகள் ஓடின. வென்றோம். ஆனால் கம்பெனிக்காரர் அதைப் பார்க்கவில்லை. அரியலூர் பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர் நோட்டுடன் வந்து சேர்ந்தது மத்தியானம், கடைசி ஆட்டத்துக்கு. எதிரணி ஊர்த்தெரு.

“மூணாம் நம்பர்தானே?” என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

விசில் ஊதியது. அண்ணன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, பாடிக்கொண்டு உள்ளே போனான். எதிரில் இருந்த ஏழுபேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அவன் ஓர் அடி வைத்தால் அவர்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். கடைசிக் கோட்டை அடைந்ததும் நிற்கவில்லை. ஏழுபேரும் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றார்கள். வெளியே போனவன் அவுட். அண்ணன் யாரும் இல்லாத கட்டத்தின் நடுவே கபடி கபடி என்று பாடிக்கொண்டு நின்றான்.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகு ஊர்த்தெருப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “பொணத்துக்குப் போத்துனதுடா, தொட்டுறாதீங்க. தொட்டவன் தலை முழுவிட்டுத்தான் வூட்டுக்கு வரணும்.” அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவர் ஏழு பாயின்ட் எழுதினார். விதியில் அதற்குத் தடை இல்லை. அவர்கள் பாடிவரும்போது நடுக்கோட்டிலிருந்து நாலு அடி வந்து, திரும்பிப் போனார்கள். சித்தப்பா பாய்ந்து பிடிக்கப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வேணாம் சித்தப்பா. நாம தொட்டா நாளைக்கி ஊருக்குள்ள வேற பேச்சா ஆயிடும்.”

மறுபடி அண்ணன் போனான். மறுபடி ஏழுபேரும் வெளியே. எதிரணிக் கேப்டன் சிரிக்கக்கூட இல்லை; வேலைக்கு நிற்பவனைப்போல நின்றான். அவர்கள் தோற்கத் தயாராக வந்திருந்தார்கள். பிள்ளைகளே, தோற்கத் தயாராக வந்தவனை எப்படி வெல்வது? எனக்கு இன்றும் தெரியாது. உங்களைப் பிள்ளைகளே என்று சொல்லிவிட்டேன். மன்னியுங்கள், இந்த இடம் வந்தால் எனக்கு வார்த்தை தடுமாறும்.

ஐந்தாவது முறை, அண்ணன் நடுக்கோட்டிலேயே நின்று சட்டையைக் கழற்றினான். என் பக்கம் எறிந்தான். வெறும் உடம்போடு, மார்பெல்லாம் நீலம் படிந்திருக்க, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். துணி இல்லை, பாருங்கள் என்பதுபோல. பிறகு பாடிக்கொண்டு உள்ளே போனான்.

அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஓர் அடி. இன்னும் ஓர் அடி. பிறகு கோட்டுக்கு வெளியே.

நடுவர் விசில் ஊதி அண்ணனைக் கூப்பிட்டார். “நம்பர் இல்லாம ஆடக்கூடாது. போட்டுட்டு வா.” அண்ணன் என்னிடம் வந்து கையை நீட்டினான். நான் சட்டையைக் கொடுத்தேன். ஈரத்தில் அது தலையில் மாட்டாமல் சுருண்டது. நான்தான் முதுகுப்பக்கம் இழுத்துவிட்டேன்.

மொத்தம் பத்தொன்பது முறை அவன் உள்ளே போனான். ஒரு கைகூட அவன்மேல் படவில்லை. நூற்றுக்கு மேல் பாயின்ட் எங்களுக்கு, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. கேடயத்தைக் கையில் தரவில்லை. “மேசை மேல இருக்கு, எடுத்துக்கங்க” என்றார்கள்.

கம்பெனிக்காரர் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரே போய் நின்றான்.

“யாருமே புடிக்கலியேப்பா. நான் என்னத்த எழுதறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார். காலை ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் அரியலூர் பஸ் ஏறினான். போர்டு படிக்க என்னையும் கூட்டிக்கொண்டான். மேல்சட்டைக்கு உள்ளே அந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். கம்பெனி கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றோம். சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகும் லாரிகள் எதிரே வரிசையாக நின்றன, ஏழு லாரி. வேப்பமரத்தடியில் லோடு ஏற்றும் கூலிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புருவம், காது, கண்ணிமை எல்லாம் வெள்ளை.

கம்பெனிக்காரர் சைக்கிளில் வந்தார். அண்ணன் மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தான்.

“சார், நாலுபேர நிறுத்துங்க. யாரா இருந்தாலும் சரிங்க. புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உருவிக்கிட்டு வரலேன்னா நான் போயிடறேன்.”

“அட, ரோட்டுல நின்னுக்கிட்டு என்னப்பா இது. அடுத்த வருசம் பார்க்கலாம்.”

“சார், நீங்களே புடிங்க.”

அவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். சைக்கிளின் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். நேரமாகிவிட்டிருக்கலாம். அந்தக் கையைப் பற்றி நான் எத்தனையோ காரணங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

மரத்தடியிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நரைத்த மீசை, அதிலும் வெள்ளைத் தூசி. “நாங்க புடிக்கறோம் தம்பி” என்றார். ஐந்துபேர் வந்து நின்றார்கள். அண்ணன் பாடிக்கொண்டு போனான். அவர்கள் பிடித்தார்கள். நன்றாகப் பிடித்தார்கள், கல் தூக்குகிற கைகள். ஒருவர் கணுக்காலை, இருவர் தொடையை, ஒருவர் இடுப்பை, மீசைக்காரர் கழுத்தை. ஐந்துபேரையும் இழுத்துக்கொண்டு அண்ணன் தரையோடு ஊர்ந்து விரல் நுனியால் கோட்டைத் தொட்டான். தொட்ட பிறகும் எழவில்லை. அவர்களும் கையை எடுக்கவில்லை. குவியலாகக் கிடந்து மூச்சு வாங்கினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் கேட்டுக்கு உள்ளே போயிருந்தது.

“எங்க லாரியில ஒரு ஆள் குறையுது. வர்றியா?” என்றார் மீசைக்காரர்.

அண்ணன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சுடுகாடு இல்லை, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சொன்னான். “வூட்டுல வேலை கெடைச்சிடுச்சுன்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்லாத.”

அந்த முறை சொன்னபடி செய்தேன். அப்பா தெருவில் இருந்த முப்பத்தோரு வீட்டுக்கும் மடங்காத காலோடு போய், பெரியவன் ஸ்டோரில் சேர்ந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தை மெஷினை உறை போட்டு மூடினாள். எட்டு நாள் அந்தச் சந்தோஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். வாசலில் நின்றவனை அம்மா ஒரு கணம் யாரோ என்று பார்த்தாள். புருவம் வெள்ளை. அப்பா கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா வெந்நீர் வைத்தாள். கிணற்றடிக் கல்லில் அண்ணன் உட்கார, நான் முதுகு தேய்த்தேன். தோள்பட்டை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது.

“நான்தான் சொன்னேண்ணே.”

“என்னத்த?”

“துணி எங்கேருந்து வந்துச்சுன்னு. பள்ளிக்கூடத்துல.”

அவன் ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். பிறகு இன்னொரு செம்பு.

“கழட்டிப் போட்டுட்டு நின்னனே, அப்பயும்தான் எவனும் கிட்ட வரல. தேய்டா, எரியுது.”

தேய்த்தேன். பதினாறு செம்பு ஊற்றியும் முதுகில் வெள்ளை போகவில்லை. தோல்தான் சிவந்தது.